சொல் வேண்டும்: ஓடையில் நிலாக்கல் தேடுவது

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். குளிர்நாட்டு ஓடைகளில் மணிக்கல் தேடுவோருக்கான சிறுநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன.

முதலாவது, ராக்ஹவுண்டிங். தொழிலாக இல்லாமல் ஆசைக்காகச் சரிவுகளிலும் ஓடைப்படுகைகளிலும் கல் தேடித் திரிவது. 'கற்பொறுக்கல்' என்று எழுதிப் பார்த்தேன். செய்பவரைச் சொல்லும் இடத்தில் 'பொறுக்கி' வந்து நிற்கிறது, அது ஆகாது. இரண்டாவது, நிலாக்கல்லைத் திருப்பும்போது உள்ளே நீலமும் வெண்மையுமாக ஓர் ஒளி நகர்கிறதே, அதற்கொரு சொல். நூல் முழுக்க நிலாக்கல் முதலான, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகை மணிகளைப் பற்றியது என்பதால் இரண்டாம் சொல் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் வருகிறது. உதவுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, இரண்டுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. நீரில் இட்டு வேண்டியதைப் பிரித்தெடுப்பது அரித்தல். அரிசியில் கல் அரிக்கிறோம். பட்டறை மண்ணை அரித்துப் பொன்துகள் எடுக்கிறோம். எனவே 'மணியரித்தல்'. செய்பவர் 'மணியரிப்பவர்'.

ஒளிக்கு 'நீரோட்டம்'. மணியின் ஒளியை நீர் என்பதும் நீரோட்டம் என்பதும் பழைய வழக்கு. குறளில் அரண் அதிகாரத்தில் வரும் 'மணிநீர்' நீருக்கு மணியை உவமை சொன்னது. இது மணிக்கு நீரை உவமை சொல்வது. இதை 'நிரோட்டம்' என்று குறிலாக எழுதிவிட வேண்டாம். அது இதழ் ஒட்டாமல் பாடும் செய்யுளைக் குறிப்பது, ஓட்டம் என்பதோடு தொடர்பில்லாதது. ஓஷ்டம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இதழகல் என்று தமிழில் அதற்கு அழகான பெயர் உண்டு. அந்த வகையில் எழுதுவோர் இன்று அருகிவிட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

மண்ணியல் ஆசிரியர் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நீரோட்டம் அருமையான சொல்தான், ஆனால் இந்த நூலில் உதவாது. ஓடையைப் பற்றிய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் உண்மையான நீரோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். 'நீரோட்டம் குறைந்த இடத்தில் நீரோட்டமுள்ள கல்லைத் தேடுக' என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

அரித்தல் மீது எனக்குள்ள தடை இன்னும் பெரியது. அந்தச் சொல் செய்முறையையே தவறாகக் கற்றுக்கொடுக்கும். அரித்தால் கனமானது அடியில் தங்கும், இலேசானது நீரோடு போகும். பொன்னின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 19-க்கு மேல். கார்னெட் என்ற மணிக்கல் ஏறக்குறைய 4. அவை தட்டின் அடியில் நிற்கும். ஃபெல்ட்ஸ்பார் 2.6-ஐ ஒட்டியது, குவார்ட்ஸ் 2.65. ஓடை மணலில் பெரும்பகுதி இவை இரண்டும்தான். அதாவது, தட்டில் சுழற்றிக் கொட்டும்போது முதலில் வெளியே போவதே நாம் தேடும் கல். கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.

எப்படிப் புரட்டுவது என்பதையும் சொல்கிறேன், அதிலிருந்தே சொல் பிறக்கலாம். கல்லை நனைத்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். உருண்டு தேய்ந்த கல்லின் மேற்பரப்பு உலர்ந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், உள்ளே எதுவும் தெரியாது. ஈரம் அந்தச் சொரசொரப்பை நிரப்பி உள்ளே பார்க்க வழி விடுகிறது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே கல்லை மெல்லச் சாய்க்க வேண்டும். பத்துக் கோணத்தில் செத்த கல்லாக இருப்பது பதினோராவதில் சட்டென்று நீலமாகும். இன்னும் ஒரு சிறு சாய்வு, போய்விடும். உடைந்த முகம் கிடைத்தால் அதையும் பாருங்கள்: ஃபெல்ட்ஸ்பார் இரண்டு திசைகளில், ஏறக்குறைய செங்கோணத்தில், தட்டையாகப் பிளக்கும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது, சிப்பி உள்ளோடுபோல் வளைந்து உடையும். லாப்ரடோரைட் போன்ற, பிளாஜியோகிளேஸ் எனும் ஃபெல்ட்ஸ்பார் பிரிவானால் அந்தத் தட்டை முகத்தில் அடிக்கோல் வைத்துக் கீறியதுபோல் மெல்லிய இணைகோடுகள் பல நேரம் தெரியும்.

அப்புறம், 'குளிர்' என்பதை மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள், அம்மா. அது அலங்காரம் இல்லை. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் ஃபெல்ட்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து வெள்ளைக் களிமண்ணாகிவிடும். கேயோலின் அப்படி வருவதுதான். குளிர்நிலத்தில் அந்த வேதிவினை மிக மெதுவாக நடக்கிறது. அங்கே பாறையை உடைப்பது பெரும்பாலும் உறைபனியும் பனியாறும். வேதிச்சிதைவு குறைவாகவும் உடைப்பு மிகுதியாகவும் இருப்பதால், புதுக்கருக்குக் குலையாத ஃபெல்ட்ஸ்பார் ஓடைக்கு வந்து சேர்கிறது. கனடாவின் லாப்ரடோர் கரையில் நெய்ன் என்ற ஊர் அருகே மொரேவிய கிறித்தவ மறைபணியாளர்கள் 1770-களில் லாப்ரடோரைட்டைக் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஃபின்லாந்தின் இலாமா பகுதியில் 1940-இல் போர்க்கால அரண் கட்டும்போது அதிலேயே பல வண்ணம் காட்டும் வகை வெளிப்பட்டது.

இளம் உறுப்பினர் எழுதியது:

ராக்ஹவுண்டிங்கில் ஹவுண்ட் என்பது வேட்டைநாய். 'கல்வேட்டை' என்று வைத்தால் என்ன? புணர்ச்சித் தொல்லையும் இல்லை. லகரத்துக்குப் பின் வகரம் இயல்பாக நிற்கும். 'கல்தேடல்' என்று வைத்தால் புலவர் ஐயா உடனே 'கற்றேடல்' என்று திருத்துவார்.

புலவர் ஐயா எழுதியது:

திருத்துவேன்தான், தம்பி. லகரம் வேற்றுமையில் வல்லினம் வந்தால் றகரமாகும். அல்வழியில் கல்+தீது கற்றீது என்றும் கஃறீது என்றும் வரும். ஆய்தம் வாழும் இடமே இப்போது இப்படிச் சிலதான். அதையும் விட்டுவிட்டால் பிறகு அந்த எழுத்தை ஆங்கில எஃப் ஒலிக்குக் கூலியாளாகவே வைத்திருக்க வேண்டியதுதான். இந்த மடலாடலிலேயே ஃபெல்ட்ஸ்பார் என்று எத்தனை முறை எழுதிவிட்டீர்கள்! வடவெழுத்து ஒரீஇ எழுதச் சொன்ன தொல்காப்பியர் வழியில் 'பெல்சுபார்' என்று எழுதலாம். அதைவிட, தமிழ்ப்பெயரே வைக்கலாம். தட்டைத் தட்டையாகப் பிளக்கும் என்கிறார் ஆசிரியர். வறண்ட மண் 'பாளம் பாளமாக' வெடிக்கிறது என்கிறோமே, அதிலிருந்து 'பாளக்கல்'.

வேட்டை என்பதை ஏற்கிறேன். வேட்டல் என்றால் விரும்புதல். வேட்கை, வேட்டம், வேள்வி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. விரும்பிப் போவதே வேட்டை. கொல்வது பின்னால் வந்து ஒட்டியது.

பள்ளி ஆசிரியை எழுதியது:

ஐயா சொல்லும் வேர் சரியாகவே இருக்கட்டும். எட்டாம் வகுப்பில் 'வேட்டை' என்றால் பிள்ளைகளுக்கு வில்லும் துப்பாக்கியும்தான். ஓடைக்குப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது, நிலத்துக்கு உரியவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது, புரட்டிய கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும், அதன் அடியில் பூச்சிகளும் மீன்முட்டையும் இருக்கலாம் என்பது. வேட்டை என்ற சொல் அந்த மனத்தைத் தராது.

பாளக்கல்லும் வேண்டாம். காக்காப்பொன் (மைக்கா) ஏடு ஏடாக உரியும். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஃபெல்ட்ஸ்பார் என்றே இருக்கட்டும், மேல்படிப்பில் அதுதான் வரப்போகிறது.

நிலாக்கல்லைச் 'சந்திரகாந்தம்' என்று எழுதச் சொல்லி யாரும் வந்துவிடக்கூடாது என்பதற்காக இப்போதே சொல்கிறேன். காந்தம் என்றால் இன்று இரும்பை இழுப்பது. வகுப்பில் ஒரு பிள்ளை நிலாக்கல்லிடம் குண்டூசியைக் கொண்டுபோவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒளிக்கு என் பரிந்துரை 'மிதவொளி'. கல்லின் மேல்பரப்பில் இல்லாமல், சற்று உள்ளே மிதப்பதுபோலத்தான் அது தெரிகிறது.

புலவர் ஐயா எழுதியது:

காந்தம் என்பதில் நில்லுங்கள், அம்மா. காந்துதல் என்றால் எரிதல், ஒளிவிடுதல். அடிப்பிடித்த சோற்றைக் காந்தல் என்கிறோம். தீக்கொழுந்துபோல் பூக்கும் காந்தளும் இதே குடும்பம் என்று கொள்வேன். வடமொழியில் காந்த என்பது விரும்பப்படுவது. இரும்பு விரும்புவது என்ற பொருளில்தான் அயஸ்காந்தம் வந்தது. நிலவு பட்டால் நீர் சுரப்பது சந்திரகாந்தம், வெயில் பட்டால் தீ உமிழ்வது சூரியகாந்தம் என்று காவியங்கள் பேசும். ஃபெல்ட்ஸ்பாரில் இன்னொரு வகையான சூரியக்கல்லுக்கும் பெயர் கிடைத்துவிட்டது பாருங்கள்.

மண்ணியல் ஆசிரியர் எழுதியது:

அந்தச் சூரியகாந்தம், வெயிலைக் குவித்துப் பஞ்சைப் பற்றவைக்கும் பளிங்கு என்றுதான் படுகிறது, ஐயா. நம் சூரியக்கல் தீ மூட்டாது. உள்ளே சிதறிக் கிடக்கும் ஹேமடைட் என்ற இரும்புக் கனிமத் தகடுகளோ செம்புத் தகடுகளோ வெயிலில் பொறிப்பொறியாக மின்னுகின்றன. பழைய பெயரை வேறு கல்லுக்குக் கொடுத்தால் காவியமும் குழம்பும், கனிமவியலும் குழம்பும்.

நிலாக்கல் கதை வேறு. சூட்டில் ஒன்றாகக் கலந்திருந்த பொட்டாசிய, சோடிய ஃபெல்ட்ஸ்பார்கள், பாறை மெல்ல ஆறும்போது பிரிந்து மாறிமாறி அடுக்குகளாகின்றன. அடுக்கின் தடிமன் ஒளியலையின் நீளத்தை நெருங்கும்போது ஒளி சிதறி அந்த நீலவெண்மை வருகிறது. ஆகவே ஒளி உள்ளிருந்துதான் வருகிறது. 'மிதவொளி' இயற்பியலுக்கும் பொருந்துகிறது. இந்த ஒளிக்கான 'அடுலரெசன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இவ்வளவுகூட இல்லை: அடுலா என்ற ஆல்ப்ஸ் மலைப்பெயரைத்தான் அது சுமந்துகொண்டிருக்கிறது. லாப்ரடோரைட்டில் நிறம் பட்டையாக அடிப்பதால் அதற்கு மட்டும் 'வண்ணவீச்சு' என்று தனியே வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி. கல்வேட்டைக்குப் புலவர் ஐயாவும் தம்பியும், கல்தேடலுக்கு மற்ற மூவரும். 'கல்தேடல்', செய்பவர் 'கல்தேடி' என்று எழுதிவிடுகிறேன். 'பால் குடித்தான்' என்பதைப் 'பாற்குடித்தான்' என்று யாரும் எழுதுவதில்லை. இரண்டாம் வேற்றுமையில் அந்த இயல்புக்கு இடம் உண்டு. ஒளிக்கு மிதவொளியும் வண்ணவீச்சும். ஃபெல்ட்ஸ்பார் அப்படியே. சூரியக்கல்லின் பொறிக்கு ஒன்றும் முடிவாகவில்லை. 'பொறிமினுக்கு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.

புலவர் ஐயா எழுதியது:

கல்தேடலை விட்டுத் தருகிறேன். மிதவொளியில் உடன்பாடில்லை என்பதைப் பதிந்துகொள்க. மித என்பதை மிதத்தலின் அடியாகக் கொண்டால் வினைத்தொகை, இலக்கணம் சரி. ஆனால் மிதவெப்பம், மிதவாதம் என்று படித்துப் பழகிய பிள்ளை இதை மங்கலான ஒளி என்றே கொள்ளும். மிதக்கும் ஒளி என்று இரண்டு சொல்லாக எழுதுவதில் என்ன குறை? அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.