மல்லிக்கு மணி இருக்கு: வாங்குறது, கட்டுறது, வாடாம வைக்கிறது

தெற்கு வாசல்

மல்லியோட தினமும் பழகுறவங்க மதுரையில நிறையப் பேர் இருக்கீங்க. கைக்குத் தெரிஞ்ச நுணுக்கத்தை ஆளுக்குக் கொஞ்சம் இங்க எழுதுங்க, பேருக்குப் பதிலா உங்க ஏரியாவைப் போட்டாப் போதும். வாங்குறதை நான் ஆரம்பிக்கிறேன்.

விடியறதுக்கு முன்னாடி கை வச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டைப் பறிச்சு முடிச்சிருவாங்க. அன்னைக்குப் பொழுது சாயுறப்ப அது தானா விரியும். இதழ் விரியுறப்பத்தான் வாசனையும் கிளம்பும். மத்தியானம் மூடின மொட்டை மோந்து பார்த்துட்டு "மணமே இல்லை"ன்னு ஒதுக்குறவங்க நல்ல பூவைத்தான் விட்டுட்டுப் போறாங்க.

காலை பத்து மணிக்கே வாய் பிளந்து கிடந்தா அது முந்தின நாள் பறிச்ச பூ. மொட்டைத் திருப்பிக் காம்புப் பக்கம் பாருங்க. பச்சையும் வெள்ளையுமா இருக்கணும். பழுப்போ லேசான ஊதாவோ ஏறியிருந்தா வேண்டாம். உதிரியா வாங்குறப்ப ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில அமுக்குங்க. கையில தண்ணி ஒட்டினா அந்தத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கிறீங்க. போதாக்குறைக்கு, நனைஞ்ச பூ சாயங்காலத்துக்குள்ள கறுத்துப் போகும்.

மாட்டுத்தாவணி

அண்ணன் சொன்னது சரி. விலையைப் பத்தி நான் சொல்றேன். ஏன்னா வருசா வருசம் மார்கழி, தையில "மல்லி கிலோ இத்தனை ஆயிரம்"னு பேப்பர்ல வரும், எல்லாரும் வியாபாரியைத் திட்டுவாங்க. நவம்பர் கடைசியில தோட்டத்துல கவாத்து பண்ணுவாங்க, அதாவது கிளையை வெட்டி விடுவாங்க. அதுக்கப்புறம் புதுக் கிளை வந்து மொட்டு வைக்க மாசி, பங்குனி ஆயிரும். கவாத்து பண்ணாத செடியும் பனியில அதிகமா மொட்டு வைக்காது. தை முகூர்த்தம், பொங்கல் எல்லாம் இந்தப் பூ வறட்சியிலதான் வந்து விழும். நூறு பேர் கேக்குற இடத்துல பத்துப் பேருக்குத்தான் பூ இருந்தா விலை ஏறாம என்ன செய்யும்?

பங்குனியில இருந்து ஆனி வரைக்கும் கதை தலைகீழ். வரத்து குவியும், விலை இறங்கும். மிஞ்சினது சென்ட் தயாரிக்கிறவங்களுக்குப் போகும். மாலை, சடை அலங்காரம்னு நிறையப் பூ வேணும்னா இந்த மாசங்கள்ல வாங்குங்க. முகூர்த்த நாளுக்கு முந்தின நாளை மட்டும் தவிருங்க.

மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. இதழ் தடிமனா இருக்கும், காம்பு நீளமா இருக்கும். கட்டுறதுக்கு இது தோதாப் போறதுக்கு அந்தக் காம்புதான் காரணம். இன்னொரு சேதி: இந்தச் செடிக்கான பதியன் (வேர் விட வச்ச கன்று) பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்துல இருந்துதான் வருது.

மல்லி இல்லாத மாசத்துல காக்கட்டானைக் கலந்து வச்சிருப்பாங்க. அது மெலிஞ்ச மொட்டு, மணம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. தெரிஞ்சே வாங்கினா குத்தமில்ல, சரத்துக்கு அது போதும். மல்லி விலை மட்டும் குடுக்காதீங்க.

செல்லூர்

கட்டுறதை நான் எழுதுறேன், தம்பி.

வாழைநாரைத் தண்ணியில ஊறப் போட்டு, நகத்தால மெல்லிசாக் கிழிச்சுக்கணும். காஞ்ச நார் பாதி முழத்துலயே அறுந்து போகும். நாரோட நுனியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிங்க. ரெண்டு மொட்டு தலை இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு தலை அந்தப் பக்கம், காம்பு நாலும் ஒண்ணுமேல ஒண்ணு. நாரைக் காம்பு மேல ஒரு சுத்து சுத்துங்க. அப்புறம் வலது கை விரல்ல ஒரு வளையம் எடுத்து, ஒரு பக்கத்து மொட்டுத் தலை வழியா மாட்டிக் காம்புக்குக் கொண்டு வந்து இழுங்க. அதுதான் ஒரு கண்ணி. அடுத்த நாலு மொட்டை அதை ஒட்டியே வைங்க.

எல்லாரும் தப்பு பண்ற இடம் இழுக்கிறதுதான். சுருக்கு காம்போட நடுவுல விழணும். மொட்டோட கழுத்துல விழுந்தா சாயங்காலம் விரியுறப்ப தலை தனியாக் கழண்டு மடியில விழும். இழுப்பு பத்தலைன்னா காம்பு வாடிச் சுருங்குறப்ப கண்ணி தளர்ந்து பூ நழுவிரும். கண்ணி நகராத அளவுக்கு இழுத்தாப் போதும்.

கட்டின பூ வாங்குறப்ப முழத்தை மட்டும் பார்க்காதீங்க. முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம், ஆனா கைக்குக் கை மாறும். சரத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல வெறும் நார் தெரிஞ்சா அது இளக்கமான கட்டு. நெருக்கமாக் கட்டின ஒரு முழம் இளக்கமான ரெண்டு முழத்துக்குச் சமம்.

வில்லாபுரம்

நூல்ல கட்டலாமா அக்கா? நார் கிடைக்காத ஊர்ல இருக்கிறவங்க கேக்குறாங்க.

செல்லூர்

கட்டலாம். பருத்தி நூலை ரெண்டு இழையா எடுத்து நனைச்சுக்கங்க. ஒத்தை இழை காம்பை அறுத்துரும். நைலான் வேண்டாம், சுருக்கு நிக்காது.

அனுப்பானடி

அடுத்த நாளைக்கு வைக்கணும்னா மொட்டா இருக்கிறப்பவே குளிர்ல வச்சிரணும். விரிஞ்சதுக்கப்புறம் பிரிட்ஜ்ல வச்சுப் புண்ணியமில்ல. ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு டப்பாவுக்குள்ள விரிச்சு, அதுமேல வாழையிலை, அதுல பூ. மூடியை இறுக்காம வைங்க. ஃப்ரீசர்ல வைக்காதீங்க, இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியில எடுத்ததும் கறுக்கும். இட்லி மாவையும் பாலையும் நல்லா மூடி வைங்க, இல்லைன்னா காலைக் காப்பியில மல்லி மணக்கும்.

சென்னைக்கு ராத்திரி ரயில்ல குடுத்து விடுறதா இருந்தா தெர்மாகோல் பெட்டிதான் சரி. ஐஸைப் பாலித்தீன் பையில கட்டி, மேல நாலஞ்சு மடிப்புப் பேப்பர் சுத்தி, பெட்டியோட ஓரத்துல வைங்க. ஐஸ் பட்ட மொட்டு கருகிரும். பூவைக் கட்டாம உதிரியா அனுப்புனா இன்னும் நல்லது. கட்டின சரம் நடுவுல சூடாகி வழியிலேயே விரிஞ்சிரும்.

திருநகர்

மாடியில வளர்க்கிறவங்களுக்கு. பதினஞ்சு அங்குலத் தொட்டி வேணும். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு. ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்துல இலைதான் வரும், பூ வராது.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச் சத்துக் குறை. லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கலந்து இலையில தெளிங்க. பச்சை திரும்புற வரைக்கும் மாசம் ஒரு தடவை. மொட்டுல ஓட்டை இருந்தா மொட்டுப்புழு. அடி வீங்கி, ஊதாவாகி உதிர்ந்தா மொட்டு ஈ. ரெண்டுக்கும் முதல் வேலை, கெட்ட மொட்டைப் பறிச்சு மண்ணுல போடாம அழிச்சிர்றது. வேப்பெண்ணெய் தெளிக்கிறதா இருந்தா சாயங்காலம் தெளிங்க. அடுத்த நாள் அந்தச் செடிப் பூவைத் தலையில வைக்கப் பறிக்காதீங்க.

வில்லாபுரம்

கவாத்து தொட்டிச் செடிக்கும் உண்டா?

திருநகர்

உண்டு. தோட்டத்துல தரையில இருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவாங்க, தொட்டியில முக்கால் அடி, ஒரு அடி விட்டாப் போதும். நவம்பர் கடைசி வாரம் வெட்டுங்க. நோய் பிடிச்ச கிளை, குறுக்கே போற கிளை எல்லாத்தையும் எடுத்துருங்க. கொஞ்ச நாள் மொட்டைக் குச்சியா நிக்கும், பதறிப் போய்த் தண்ணியைக் கொட்டிராதீங்க.