பொருள்: டார்ச் சோதனைத் தாளுக்கு நாலு சொல் வேண்டும், வியாழனுக்குள்

தே. எழுதியது:

வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் இரண்டாமாண்டுக்குத் தமிழில் ஒரு செய்முறைத் தாள் தயாராகிறது. எல்.இ.டி. டார்ச்சை இருட்டறையில் எரியவிட்டு, 5 மீட்டர் தள்ளி, விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்து, பெட்டிமேல் அச்சடித்திருப்பது சரிதானா என்று மாணவர்கள் பார்க்க வேண்டும். லக்ஸைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒளிச்செறிவு கேண்டிலாவில் வரும். மீட்டர் 400 காட்டினால் 400 × 25 = 10,000 கேண்டிலா. அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் 200 மீட்டர். பெட்டியில் இதைத்தான் த்ரோ என்கிறார்கள். கணக்கில் சிக்கல் இல்லை. த்ரோ, ஹாட்ஸ்பாட் (ஒளியின் நடுவில் விழும் பளிச்சென்ற வட்டம்), ரன்டைம் (டார்ச் ஓடும் நேரம்), ஸ்டெப்டவுன் (சூடானதும் ஒளி இறங்குவது) நாலுக்கும் தமிழ் வேண்டும். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.

கு.வே. எழுதியது:

த்ரோ = வீச்சு. அடுத்தது?

தே. எழுதியது:

அலைவீச்சு ஏற்கெனவே இருக்கிறது. புள்ளியியலிலும் வீச்சு இருக்கிறது. காலையில் அலைக்காட்டியில் வீச்சு அளந்த அதே பிள்ளைகள்தான் மதியம் என்னிடம் வருகிறார்கள். எறிபொருள் பாடத்திலிருந்து 'நெடுக்கம்' எடுக்கலாம் என்றால், அது போய் விழும் இடம்வரை உள்ள தூரம். ஒளி எங்கே விழுகிறது?

புலவர் எழுதியது:

அன்பர்களே, த்ரோவுக்கு முன் டார்ச்சுக்கே ஒரு பெயர் வைத்துவிட்டு நகர்வோம். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி: 'நெய்யுமிழ் சுரையர் நெடுந்திரிக் கொளீஇக் கையமை விளக்கம் நந்துதொறும் மாட்ட'. கையமை விளக்கம்! கையில் அமைந்த விளக்கு. அங்கே சுரை என்னும் குழாய் நெய் உமிழ்கிறது, பாடநூலில் எல்.இ.டி. என்னும் டையோடு ஒளி உமிழ்கிறது. இவ்வளவு பொருத்தம் தற்செயலாகக் கிடைக்குமா? அதே அடியில் ரன்டைமும் இருக்கிறது. நந்துதல் என்றால் அணைதல். நந்தும் வரை எரிவதால் 'நந்துநேரம்'. சோழர் கல்வெட்டில் வரும் நொந்தா விளக்கு, நந்தாத விளக்குதான். 96 ஆடு கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் சொல்லி, சந்திராதித்தவல், அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை, எரிய வேண்டும் என்று வெட்டி வைத்தார்கள். இதைவிடத் துல்லியமான ரன்டைம் அறிவிப்பை எந்தக் கம்பெனி கொடுத்திருக்கிறது?

கு.வே. எழுதியது:

ஐயா, நந்துதல் என்றால் பெருகுதல், தழைத்தல் என்றும் அகராதி சொல்கிறது. ஒரே சொல்லுக்கு வளர்வதும் அணைவதும் பொருளானால், அதைச் சோதனைத் தாளில் போட்டு மாணவன் எதை அளப்பான்?

புலவர் எழுதியது:

இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழனுக்குப் புதிதா?

கு.வே. எழுதியது:

வினாத்தாளில் இடம் நோக்க மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. இன்று நெகிழி என்றால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் டார்ச்சை 'நெகிழி ஞெகிழி' என்று எழுதலாமா?

யாழ். ந. எழுதியது:

எங்கட பக்கம் ரோச் தான். முந்தி இரவில் சூள், அதாவது தீப்பந்தம், கொளுத்தி மீன் பிடிப்பினம், அதை வைத்து 'மின்சூள்' சொல்லலாம். ஆனால் சூள் எண்டவுடன் இப்ப எல்லாருக்கும் சூளுரைதான் நினைவு வரும். நான் வற்புறுத்தேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன்: கடையில் ஆரும் 'எறிதூரம் எவ்வளவு' எண்டு கேக்கிறதில்லை. 'எவ்வளவு தூரம் அடிக்கும்' எண்டுதான் கேக்கிறது. ரோச் அடிக்கிறது, அதனால் அடிதூரம்.

தே. எழுதியது:

இங்கேயும் டார்ச் அடிப்பதுதான். ஆனால் 'அடிதூரம் 200 மீட்டர்' என்று போட்டால் அடியா மீட்டரா என்று கை தூக்குவார்கள்.

கு.வே. எழுதியது:

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் சொல்லின் அழகைப் பார்க்கிறோம், அளவையே யாரும் பார்க்கவில்லை. எஃப்.எல்.1 என்று 2009-இல் அமெரிக்க டார்ச் தயாரிப்பாளர்கள் கூடி வகுத்த தரத்தின்படி, 200 மீட்டர் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். தெளிந்த வானில் பௌர்ணமி நிலவு தருவது ஏறத்தாழ அவ்வளவுதான். ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கு அந்த வெளிச்சத்தில் பாம்பும் தெரியாது, கயிறும் தெரியாது. கேண்டிலாவை நாலு மடங்காக்கினால்தான் இந்தத் தூரம் இரண்டு மடங்காகும். அதனால் 'காண்தூரம்', 'பார்வைத்தூரம்' எதையும் ஏற்க மாட்டேன்.

ரன்டைம் இதைவிட மோசம். போட்ட 30-ஆவது நொடியில் இருந்த ஒளி 10 விழுக்காடாக இறங்கும் வரை ஓடும் நேரம் அது. 2,000 லூமன் ஒளியில் தொடங்கி, உடம்பு சூடானதும் சில நிமிடத்தில் 600-க்கு இறங்கி, மீதிப் பொழுதெல்லாம் அங்கேயே கிடக்கும் டார்ச்சும் பெட்டியில் 'ரன்டைம் 4 மணி' என்று போட்டுக்கொள்ளலாம். பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் 2,000 லூமன் நாலு மணி நேரம் என்றுதான் படிப்பார். சொல்லே அந்த மயக்கத்தை உடைக்க வேண்டும். 'தேய்நேரம்' என்கிறேன்.

தே. எழுதியது:

தேய்நேரம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதையும் விளக்கித்தானே ஆக வேண்டும்? தரம் சொல்வதை அடிக்குறிப்பில் கொடுத்துவிடுகிறேன்.

புலவர் எழுதியது:

திங்கள் தேய்வதால் தேய்நேரத்தை வரவேற்கிறேன். மேலே பௌர்ணமி வேறு வந்துவிட்டது. தேய்தலும், ஒளி என்று பொருள்படும் தேசும் ஒரே வேரா என்று ஆராய்ந்து நாளை எழுதுகிறேன்.

யாழ். ந. எழுதியது:

தயவு செய்து வேண்டாம், ஐயா.

தே. எழுதியது:

வியாழன் இரவு. ஹாட்ஸ்பாட்டுக்கு 'வெம்புள்ளி' என்று இருவர் தனிமடல் அனுப்பினார்கள். அங்கே வெப்பமே இல்லை, பளிச்சென்ற வட்டம்தான் இருக்கிறது. 'நடுப்பொட்டு' என்று போட்டிருக்கிறேன். ஸ்டெப்டவுனுக்கு 'படியிறக்கம்' எழுதினால் இறக்கு மின்மாற்றி என்று நினைப்பார்கள், அதனால் 'ஒளித்தணிவு'. த்ரோவுக்கு 'எட்டுதூரம்'. டார்ச், டார்ச்சாகவே இருக்கிறது. ரன்டைமுக்குத் தேய்நேரம் போட்டுக் காட்டினேன். துறைத்தலைவர் அடித்துவிட்டு 'எரிநேரம்' என்று எழுதிக் கொடுத்தார். மற்றவற்றுக்கு மறுப்பு இருந்தால் இன்று இரவே சொல்லுங்கள்.

யாழ். ந. எழுதியது:

எட்டுதூரம் சரி. எட்டு எண்டதை இலக்கமாக ஆரும் வாசியாமல் பாருங்கோ.

புலவர் எழுதியது:

எல்.இ.டி.யில் எதுவும் எரிவதில்லையே!

தே. எழுதியது:

தெரியும், ஐயா. ஆனால் லைட் எரியுது என்றுதான் ஊரே சொல்கிறது. தாள் போய்விட்டது.

கு.வே. எழுதியது:

எரிநேரத்துக்கு என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. அடுத்த பதிப்புக்குத் தேய்நேரத்தோடு மறுபடி வருவேன்.