30 அங்குலப் பழைய பேஸ் கிட்டாரில் ஈ (E) கம்பி பேசுமா?

மரத்தூள்

ஆறு மாசமா ஒரு 1967 ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் என்கிட்ட இருக்கு. நெக்கைக் கழற்றிப் பார்த்தா அடியில தேதி முத்திரை தெளிவா இருக்கு. கம்பி அதிர்வை மின்சாரமா மாத்துற பிக்கப்பை மாத்தல, பெயின்ட் மாத்தல. ஸ்கேல் நீளம், அதாவது நெக் நுனியில இருக்கிற நட்டுல இருந்து பாடி மேல இருக்கிற பிரிட்ஜ் வரைக்கும் கம்பி அதிர்ற நீளம், 30 அங்குலம். எடுத்து மடியில வச்சா கீழ வைக்க மனசே வராது, அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

பிரச்சினை என்னன்னா, எங்க குழுவில கிட்டார் வாசிக்கிறவர் போன ரிகர்சல்ல முகத்துக்கு நேரா சொல்லிட்டார்: "ஈ கம்பியில நீ வாசிக்கிறது சுரமாவே கேட்கல, தொம்முனு ஒரு சத்தம்தான் வருது. இது சின்னப் பசங்க கத்துக்கிற சைஸ். இதைக் கொடுத்துட்டு 34 அங்குலம் ஒண்ணு வாங்கு." ராத்திரி தூக்கம் வரல. அவர் சொன்னதுல உண்மை இருக்கா? ஏ, டி, ஜி மூணும் அருமையா இருக்கு. ஈ மட்டும்தான் செத்த மாதிரி இருக்கு.

முப்பத்துநாலு

உங்கள் நண்பர் சொன்ன விதம் கடுமை, விஷயம் சரி. 1951-இல் பிரிசிஷன் பேஸ் வந்தபோதே 34 அங்குலம் என்று முடிவாகிவிட்டது. இன்றுவரை பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே கம்பியை, ஒரே சுரத்துக்கு, 34-இலும் 30-இலும் கட்டிப் பாருங்கள். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.78. அதாவது கம்பி 22 சதவீதம் தளர்ந்து கிடக்கும். தளர்ந்த கம்பியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் முதல் நொடியில் சுரம் மேலே ஏறி, பிறகு இறங்கும். நெக்கின் உலோகக் கோடுகளான ஃப்ரெட்டில் அடிக்கும். அதைவிடப் பெரிய குறை கம்பியின் விறைப்பு. தடித்த கம்பி ஓரளவுக்கு இரும்புக் கோல் மாதிரி நடந்துகொள்ளும், அதனால் அதன் ஹார்மோனிக்குகள், அதாவது அடிச்சுரத்தோடு ஒலிக்கும் துணைச்சுரங்கள், சரியான இடத்தைவிடச் சற்று மேலே போய் நிற்கும். அதே கம்பியைக் குட்டை ஸ்கேலில் போட்டால் இந்த விலகல் சுமார் 1.65 மடங்காகிறது. நான்கு கம்பிகளில் ஈ-தான் தடித்தது, ஆகவே அடி முதலில் விழுவது அதற்கு. உங்கள் நண்பர் கேட்ட "தொம்" இதுதான்.

பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியைச் சொல்லி யாரும் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய குட்டை ஸ்கேல் ஹோஃப்னரோடு வளர்ந்தவர், 1965-இல் ஸ்டுடியோவுக்கு 33¼ அங்குல ரிக்கன்பேக்கரை எடுத்துக்கொண்டார். காது இருக்கிறவர், மாறினார். மஸ்டாங்கை விற்காதீர்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு 34 வாங்குங்கள்.

விரல்நுனி

மெக்கார்ட்னி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டை மாடியில் அவர் வாசித்தது எந்த பேஸ்? அதே ஹோஃப்னர். ரிக்கன்பேக்கர் கையில் இருந்தும் அதைத் தேர்ந்தெடுத்தார். க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3 என்ன ஸ்கேல்? 30½. டாக்கிங் ஹெட்ஸில் டினா வெய்மவுத்தின் கையில் இதே மஸ்டாங். இவர்கள் எல்லாம் சின்னப் பசங்களா?

எனக்கு இது வாதத்துக்காகப் பேசும் விஷயம் இல்லை. பதினோரு வருடம் 34 வாசித்தேன். இடது மணிக்கட்டில் வலி வந்து, டம்ளர் தூக்க முடியாத நிலைக்குப் போனது. முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலும் நான்காவது ஃப்ரெட்டில் சுண்டு விரலும் வைத்தால் நீள ஸ்கேலில் இடைவெளி சுமார் 130 மில்லிமீட்டர், 30 அங்குலத்தில் 114. அந்த 16 மில்லிமீட்டர்தான் என்னை மறுபடியும் வாசிக்க வைத்தது. "மேடைக்கு 34 வாங்குங்கள்" என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள், அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

முப்பத்துநாலு

உங்கள் வலியை நான் குறைத்துப் பேசவில்லை, அக்கா. ஆனால் ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று பிடிவாதமாக விரிப்பதுதான் பலருக்கு வலிக்குக் காரணம். நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் கம்பி நீளம் 41, 42 அங்குலம் வரும். அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்? சிமாண்டல் முறையில் ஆள்காட்டி, நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று. நான்கு விரலால் மூன்று சுரம், மீதிக்குக் கையையே நகர்த்துவார்கள். அந்த முறை 34-இன் கீழ் ஃப்ரெட்டுகளுக்கு அப்படியே பொருந்தும். அளவை மாற்றும் முன் கையை மாற்றிப் பார்க்கலாமே.

விரல்நுனி

மாற்றிப் பார்த்தேன், தம்பி. பிசியோதெரபி காலத்தில் ஒரு வருடம் அதுதான் வாசித்தேன். வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை 30 அங்குலம்தான் எடுத்தது. நிற்கும்போது டபுள் பேஸ் தரையில் நிற்கிறது, கையும் தோளிலிருந்து வேறு கோணத்தில் இறங்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஈயக்கம்பி

கணக்கெல்லாம் சரிதான், ஆனா யாருமே தம்பிகிட்ட முதல் கேள்வியைக் கேட்கலையே. என்ன கம்பி போட்டிருக்கீங்க? உருண்டைக் கம்பி சுத்தின ரவுண்ட்வூண்டா, தட்டைப் பட்டை சுத்தின ஃப்ளாட்வூண்டா? எந்த ஸ்கேலுக்கான செட்? ஈ கம்பியை டியூனர்ல சுத்தியிருக்கிற இடத்தையும், பாடிக்குப் பின்னாடி நுழையுற இடத்தையும் பார்த்து எழுதுங்க. உள்ள திறந்து பார்த்தீங்கன்னா பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கிற பாகம்) மேல இருக்கிற எண்ணையும் போடுங்க.

முப்பது வருஷமா இந்த மாதிரி பழைய பேஸ்களைத் திறந்து மூடிக்கிட்டிருக்கேன். "மூணு கம்பி நல்லா இருக்கு, ஈ மட்டும் செத்துப்போச்சு"ன்னு வர்ற பேஸ்கள்ல ஸ்கேல் நீளத்தைக் குத்தம் சொல்ல நேர்ந்தது ரொம்பக் குறைவு.

மரத்தூள்

அண்ணா, பார்த்தேன். ரவுண்ட்வூண்ட், தடிமன் 45-லிருந்து 105 (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு). விற்றவர் மாட்டிக் கொடுத்தது. நீள ஸ்கேல் செட்டை வெட்டி மாட்டியிருக்கார்னு நினைக்கிறேன். ஈ கம்பியில பட்டு நூல் சுத்தின நுனியே (டியூனர்ல சுத்துற மெல்லிய முனை) இல்ல, முழுத் தடிப்போட டியூனர் கம்பத்துல ஒன்றரைச் சுத்து சுத்தியிருக்கு. பாட் மேல 137 6638-னு இருக்கு. பேஸ் 1967, பாட் 66-ன்னா யாரோ மாத்தியிருக்காங்களா?

ஈயக்கம்பி

பாட் பத்திக் கவலை வேண்டாம். 137 தயாரிப்பாளர் குறி, அடுத்து 66 வருஷம், 38 வாரம். 1966-ல ஃபெண்டர் மொத்தமா வாங்கின பாட்களை அடுத்த சில வருஷத்து வாத்தியங்கள்லயும் போட்டிருக்காங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி பேஸ் கட்டியிருக்க முடியாதுங்கிறதை மட்டும்தான் பாட் சொல்லும். சால்டர் பழைய மங்கல் நிறத்துலயே இருந்தா தொடாதீங்க.

ஈ கம்பிக்கு வருவோம். பேஸ் கம்பிக்குள்ள ஒரு மெல்லிய மையக் கம்பி இருக்கும், அதைச் சுத்தித்தான் தடிப்பான சுருள். மையக் கம்பி உருண்டையா இருந்தா சுருளைப் பிடிச்சு வைக்கிறது இறுக்கம் மட்டும்தான். தடிப்பான இடத்துல மடிக்காம வெட்டினா சுருள் நழுவி லூஸாயிடும். மடிச்சு வெட்டினாலும் அந்தத் தடிப்பைக் குறுகலான கம்பத்துல வளைக்கிறப்ப நட் மேல கம்பி நேரா உட்காராது. அப்புறம் எந்த ஸ்கேலா இருந்தாலும் அந்தக் கம்பி செத்ததுதான். 34 அங்குலத்துலயும் இதே வேலையைச் செஞ்சா இதே "தொம்" வரும்.

இன்னொண்ணு. உங்க மஸ்டாங்ல கம்பி பாடிக்குள்ள நுழைஞ்சு வருது, இல்லையா? ஸ்கேல் 30-ன்னாலும் பாடியோட தடிமன் கூடுறதால 30-க்கான சில செட் இதுக்குப் பத்தாது, பட்டு நுனி நட்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். 32 அங்குலச் செட் பெரும்பாலும் சரியா உட்காரும். வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கக் குழியிலிருந்து நட் வரைக்கும் டேப் வச்சு அளந்துக்கோங்க. ஃப்ளாட்வூண்ட் போடுங்க. போட்டதும் நெக் வளைவைச் சரிசெய்யற ட்ரஸ் ராடைத் திருப்ப அவசரப்படாதீங்க, ரெண்டு நாள் நெக் இழுவைக்குப் பழகட்டும்.

அலைவரிசை

இதுக்கெல்லாம் ஒரே வழி, பிக்கப்பை எடுத்துட்டு இப்போ வர்ற பெரிய ஹம்பக்கர் (இரைச்சல் அடக்குற ரெட்டைச் சுருள் பிக்கப்) ஒண்ணைப் போடறதுதான். கொஞ்சம் மரத்தைக் குடையணும், அவ்வளவுதான்.

ஈயக்கம்பி

வேண்டவே வேண்டாம். அந்தப் பிக்கப் ரெண்டு துண்டா இருந்தாலும் ரெண்டும் சேர்ந்து இரைச்சலை அடக்குற மாதிரிதான் வயர் பண்ணியிருக்கு, அதுல குறை எதுவும் இல்ல. கம்பியை மாத்தினது பிடிக்கலைன்னா திரும்ப மாத்தலாம். குடைஞ்ச மரத்துக்கு அது நடக்காது. லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை விட்டுப் போறதுக்கு முன்னாடி அங்க வரைஞ்ச கடைசி பேஸ் இது. கத்தி வைக்க எனக்கு மனசு வராது.

முப்பத்துநாலு

மரத்தைக் குடையக் கூடாது என்பதில் ஈயக்கம்பி ஐயாவோடு நானும் நிற்கிறேன். கம்பி செத்திருக்கிறது என்பதையும் ஏற்கிறேன், அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நல்ல கம்பி போட்டாலும் அந்த 22 சதவீதம் அங்கேயேதான் இருக்கும். 34-இன் இழுவையை 30-இல் கொண்டுவர வேண்டுமானால் 105-க்குப் பதில் 119 தடிமன் வேண்டும். தடிப்பு ஏற ஏற விறைப்பும் ஏறும், துணைச்சுரம் இன்னும் மங்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் காணாமல் போகும் போர்வை இது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம், மரத்தூள். நண்பர் யாரிடமாவது 34 பேஸ் இருந்தால் நான்கு கம்பியையும் இரண்டு ஃப்ரெட் அளவு கீழே இறக்கி, இரண்டாவது ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டுங்கள். அதிரும் நீளம் 30.3 அங்குலம், சுரம் பழைய ஈ. குட்டை ஸ்கேல் கையில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். பிறகு கேப்போவைக் கழற்றி, கம்பியை ஏற்றி, அதே வரியை வாசியுங்கள். ஒரே பேஸ், ஒரே பிக்கப், ஒரே கம்பி. வித்தியாசம் காதில் விழும்.

தாளக்கட்டு

நான் டிரம்ஸ். பேஸ்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழ்க்கை போகிறது, அதனால் ஒரு வார்த்தை. ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். நாங்கள் வாசிக்கும் இடங்களில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிகளில் பல அந்த 41-ஐ முழுசாகக் கொடுப்பதே இல்லை. ஆள் காதில் விழுவது 82-உம் அதற்கு மேலும்தான். ஆகவே குட்டையான பேஸில் அடி கனம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், கனம் நிறையவே இருக்கிறது. குறைவது மேலே இருக்கும் கம்பிச் சத்தம், அந்த உலோக நுனி. கிட்டார் கூட்டமாக அடிக்கும்போது பேஸை அடையாளம் காட்டுவது அந்த நுனிதான். கிட்டார்காரர் கேட்கவில்லை என்றது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு, கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் அந்த உருண்டையான சத்தம்தான் வேண்டும்.

விரல்நுனி

இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு எழுதுவதைப் படித்தால் 30 அங்குலம் 34-ஆக ஆசைப்பட்டுத் தோற்றுப்போன ஒன்று என்று தோன்றும். மங்கல் என்று நீங்கள் சொல்வது எனக்குக் குரல். தளர்ந்த கம்பி விரலுக்கு அடங்கும். அசைவு, வழுக்கல், மெல்லிய தொடுகை எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்லும். தட்டும் பலத்தைக் குறைத்து ஆம்பைக் கூட்டுங்கள், சுரம் ஏறி இறங்கும் குறை போய்விடும். நான் வலது கையை அப்படித்தான் மாற்றிக்கொண்டேன், மூன்று வாரம் பிடித்தது.

மரத்தூள்

பதினைஞ்சு நாள் கழிச்சு எழுதறேன். எல்லாத்தையும் செஞ்சு பார்த்தேன்.

அளந்து பார்த்ததுல அண்ணா சொன்னபடி 32 அங்குல ஃப்ளாட்வூண்ட் செட் சரியா உட்கார்ந்தது, பட்டு நுனி நட்டைத் தாண்டித்தான் ஆரம்பிக்குது. மாட்டி முதல் தடவை ஈ-யைத் தட்டினப்ப கண்ணு கலங்கிடுச்சு. அதே பேஸா இதுன்னு இருந்தது. சுரம் சுரமா நின்னுச்சு, எண்ணிப் பார்த்தேன், முன்ன நாலு எண்றதுக்குள்ள போயிடும், இப்போ பன்னிரண்டு வரைக்கும் இருக்கு.

கேப்போ சோதனையும் செஞ்சேன். முப்பத்துநாலு அண்ணா சொன்ன வித்தியாசம் உண்மைதான். கேப்போ இல்லாம 34-ல வாசிக்கிறப்ப ஒவ்வொரு சுரத்தோட தொடக்கமும் தனியா வெட்டி வச்ச மாதிரி இருக்கு. கேப்போ போட்டா ஓரம் கொஞ்சம் மழுங்குது. ஆனா "தொம்" இல்ல. என் பேஸ்ல இருந்த தொம் கம்பியோடது மட்டும்தான்.

ரிகர்சல்ல யார்கிட்டயும் எதுவும் சொல்லல. ரெண்டு பாட்டு முடிஞ்சதும் கிட்டார்காரர் திரும்பி "புது பேஸா?"ன்னு கேட்டார். ஆனா மூணாவது பாட்டு டி-க்கு இறக்கி வாசிக்கணும். அங்க மாட்டிக்கிட்டேன். கம்பி கயிறு மாதிரி ஆடுது, ஃப்ரெட் எல்லாம் சலசலக்குது.

முப்பத்துநாலு

அந்த மூன்றாவது பாட்டில் நீங்கள் கட்டியிருந்த இழுவை, அதே கம்பி 34-இல் ஈ-யில் நிற்கும்போது இருப்பதில் 62 சதவீதம்தான். அதற்குத் தீர்வு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அந்தப் பாட்டுக்கு நீள ஸ்கேல் வேண்டும் என்பதில் மாறமாட்டேன். ஆனால் உங்கள் ஈ கம்பியைப் பார்க்காமலேயே ஸ்கேலின் மேல் பழியைப் போட்டது என் தவறு. விரல்நுனி அக்காவிடமும் அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

விரல்நுனி

சரி தம்பி. டி-க்கு இறக்குவதில் நானும் உங்கள் பக்கம். அந்த மாதிரி பாட்டுகளில் நான் டி-யை ஒரு ஸ்தாயி மேலே எடுத்து வாசித்துவிடுகிறேன், பாட்டு கெட்டதில்லை. மரத்தூள், அந்த ஒரு பாட்டுக்கு அப்படி முயன்று பாருங்கள்.

மரத்தூள்

பார்க்கறேன் அக்கா. ஈயக்கம்பி அண்ணா, கடைசியா ஒண்ணு. பிரிட்ஜ்ல கம்பிக்கு அடியில இருக்கிற பழைய மியூட் ஸ்பாஞ்ச் தொட்டா பொடியா உதிருது. எடுத்துப் போட்டுடலாமா?

ஈயக்கம்பி

தூக்கிப் போடாதீங்க. மெதுவா எடுத்து சின்னக் கவர்ல போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ள வைங்க. உதிர்ந்த பொடி உலோகத்துல ஒட்டிக்கிட்டே இருந்தா ஈரம் பிடிச்சு அரிச்சுடும், அதனால பிரிட்ஜை உலர்ந்த பிரஷ்ஷால சுத்தம் பண்ணிடுங்க. அதே தடிமன்ல புது ஸ்பாஞ்ச் வெட்டி வச்சு, ஃப்ளாட்வூண்ட்டோட ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. ஈ கம்பியில என்ன கேட்குதுன்னு வந்து எழுதுங்க.