மெஷ் வைஃபை மாட்டினவங்க வாங்க, இன்னும் மனசுல உறுத்திட்டு இருக்கற அந்த ஒரு சம்பவத்த சொல்லுங்க

ரெண்டாம்_மாடி

நானே ஆரம்பிக்கறேன். வீடு முழுக்க ஒரே வைஃபை வர்றதுக்கு மூணு யூனிட் செட்டு, டூயல் பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை), வயர்லெஸ் பேக்ஹால், அதாவது யூனிட்டுங்க ஒண்ணோட ஒண்ணு கேபிள் இல்லாம காத்துலயே பேசிக்கும். மாட்ட வந்த ஆளு "எந்த ரூம்ல சிக்னல் வரலையோ அங்கயே வெச்சுருவோம் சார்"னு கடைசி ரூம் மூலைல ஒண்ண வெச்சாரு, லைட்டு பச்சை ஆச்சு, கிளம்பிட்டாரு. அந்த ரூம்லதான் தங்கச்சிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்ல ஃபுல் சிக்னல், ஒரு கோடு கூட குறையல. எதிர்ல இருந்தவரு கேள்வி கேட்க வாயத் திறந்தாரு, திறந்த வாய் திறந்தபடியே நின்னுருச்சு. இவ "சார் கேக்குதா, சார் கேக்குதா"ங்கறா. நான் கதவுக்கு வெளிய போன்ல ஆப்ப திறந்து வெச்சுட்டு நிக்கறேன், மூணு யூனிட்டும் பச்சை, கனெக்‌ஷன் "மிக நன்று"ன்னு போட்டுருக்கு.

ஃபுல் சிக்னல்ங்கறது லேப்டாப்புக்கும் பக்கத்துல இருக்கற டப்பாவுக்கும் நடுவுல மட்டும்தான். அந்த டப்பாவுக்கும் மெயினுக்கும் நடுவுல ரெண்டு கான்கிரீட் சுவரு, ஒரு கண்ணாடி பீரோ. அப்புறம் பாதி வழில காரிடார்ல கொண்டாந்து வெச்சதும் சரியாச்சு, அது பிரச்சனையில்ல. அந்தப் பச்சைக்கு என்னதான்யா அர்த்தம், அதான் எனக்கு இன்னும் ஆறல.

தொண்ணூத்திநாலு

என் பேர பாத்தாலே தெரியும். சுவருக்குள்ள கேபிள் போட்ட வீடு, வயர்டு பேக்ஹால், எல்லாம் பக்கா. மெயின் யூனிட் கிட்ட வேகம் 400 எம்பிபிஎஸ்க்கு மேல வருது. மாடில இருக்கறதுல 94. காலைல 94, ராத்திரி 94, வீட்ல யாருமே இல்லாதப்பவும் 94. வைஃபைன்னா ஏறும் எறங்கும்ல, இது ஆடாம அசையாம நிக்கும். யூனிட் மாத்தியாச்சு, பேட்ச் கார்டு (சுவர் பிளேட்ல இருந்து யூனிட்டுக்கு வர்ற சின்ன கேபிள்) மாத்தியாச்சு, கஸ்டமர் கேர்ல ரீசெட் பண்ணச் சொல்லி அதையும் பண்ணியாச்சு.

கடைசில சுவர்ல இருக்கற பிளேட்ட ஸ்க்ரூ கழட்டி இழுத்தேன். கேபிள்ல நாலு ஜோடி இருக்கணும்ல, ரெண்டு ஜோடிதான் நெட் சாக்கெட்டுக்கு வந்துருக்கு. ஆரஞ்சும் பச்சையும். நீலமும் பழுப்பும் அழகா மடக்கி பக்கத்து டெலிபோன் சாக்கெட்டுக்கு போயிருக்கு. வீடு கட்டினப்போ வயரிங் பண்ணவரு ஒரே கேபிள ரெண்டா பிரிச்சு கணக்க முடிச்சுட்டாரு. ரெண்டு ஜோடிக்கு 100 எம்பிபிஎஸ்தான், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். 100ல ஹெட்டர் (ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒட்டற விலாசம்) அது இதுன்னு போக மிஞ்சறது 94 சொச்சம். அந்த டெலிபோன் சாக்கெட்ல இதுவரைக்கும் யாரும் போனே மாட்டினதில்ல, அதான் வயித்தெரிச்சல்.

சுவர்_துளைப்பவன்

@ரெண்டாம்_மாடி ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, வயர்லெஸ் பேக்ஹால்னு சொன்னதுமே கதை முடிஞ்சுது. பச்சைக்கு என்ன அர்த்தம்னு கேக்கறீங்களே, யூனிட் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதுன்னு அர்த்தம், அவ்ளோதான், எவ்ளோ வேகமா பேசுதுன்னு அதுக்கு அக்கறையில்ல.

என் சம்பவம் சின்னது. ராத்திரி ஆனா டிவி சுத்திட்டே இருக்கும், காரணம் நடு யூனிட்டுக்குப் பின்னாடி மீன் தொட்டி, தண்ணி அந்த சிக்னல குடிச்சுருது. நகர்த்தினேன், சரியாச்சு.

ஆனா எல்லாரும் இத தெரிஞ்சுக்கணும். டூயல் பேண்டு யூனிட்ல உங்க போன்கிட்ட பேசறதும் மெயின்கிட்ட பேசறதும் ஒரே ரேடியோ, அதனால ஒவ்வொரு ஹாப்புக்கும் (ஒரு யூனிட்ல இருந்து அடுத்ததுக்குத் தாவறதுக்கு) வேகம் ஏறக்குறைய பாதியாகும், மூணாவது யூனிட்ட ரெண்டாவது வழியா கோத்தா கால்வாசிதான் மிஞ்சும். ட்ரை பேண்டுன்னா பேக்ஹாலுக்குத் தனி ரேடியோ, கொஞ்சம் தேவல. யூனிட் அதிகமா வெச்சா நல்லதுன்னு நெனைக்காதீங்க, ஒண்ண ஒண்ணு மறிக்கும். பெட்டிக்குள்ள ஒளிச்சு வெக்காதீங்க. டிவிக்கு பின்னாடி வெக்காதீங்க. 2.4ல 1, 6, 11 இந்த மூணு சேனல்தான், நடுவுல 3, 4னு போட்டா ரெண்டு பக்கமும் இடிக்கும். 2.4ல 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணவே வேணாம், 20 போதும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்க யூனிட் பக்கத்துல வெக்காதீங்க, அதோட இரைச்சல் 2.4ல வந்து விழும், இன்டெல்காரங்களே 2012ல அத அளந்து எழுதியிருக்காங்க. எல்லாத்துக்கும் மேல சுவர துளைங்க, ஒரே ஒரு கேபிள் இழுங்க, சேனல் கீனல் ஒண்ணும் யோசிக்க வேணாம்.

வாடகைவாசி

துளைப்பவரே, வாடகை வீட்ல சுவர துளைச்சா ஓனர் என்னைத் துளைச்சுருவாரு. எல்லாருக்கும் கேபிள் கேபிள்னா எப்படி. நம்ம 94 அண்ணன் கேபிள் போட்டும்தான் முழிச்சாரு.

என்னுது பிரிண்டர் கதை. மெஷ் மாட்டின மறுநாள்ல இருந்து லேப்டாப்புக்கு பிரிண்டர் கண்ணுக்கே தெரியல. ரெண்டுலயும் ஒரே வைஃபை பேரு, ஒரே பாஸ்வேர்டு, ரெண்டும் கனெக்டெட். கொடுத்த கம்பெனி ஆளு போன்ல "உங்க பிரிண்டர் பழசு மேடம், புதுசு வாங்குங்க"ன்னுட்டாரு. பிரிண்டர்லயே பட்டன அமுக்கி நெட்வொர்க் ரிப்போர்ட் பேப்பர எடுத்தேன். அதுல ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல அதோட விலாச நம்பர்) 192.168.1ன்னு ஆரம்பிக்குது. லேப்டாப்ல பாத்தா 192.168.68. அந்தப் பேப்பர கைல வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன், ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு வீடு ஓடிட்டு இருக்கு!

மாட்டினவரு பழைய ரவுட்டர் டப்பாவோட வைஃபைய அணைக்காம, புதுசுக்கும் அதே பேர வெச்சுட்டு போயிருக்காரு. ரெண்டு டப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஐபி பங்கு போடுது, பிரிண்டர் பழசுல ஒட்டிக்கிச்சு. பழசுல வைஃபைய ஆஃப் பண்ணி, மெஷ்ஷ ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (ஐபி பங்கு போடறத பழசுக்கே விட்டுட்டு வைஃபை மட்டும் கொடுக்கற மோடு) மாத்தினதும் பிரிண்டர் தானா வந்துருச்சு. தம்பியோட கேம்ல "ஸ்ட்ரிக்ட் நாட்"னு ஒரு எச்சரிக்கை (ரெண்டு ரவுட்டர் ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருந்தா வர்றது) வந்துட்டே இருந்துச்சு, அதுவும் காணாம போச்சு. பிரிண்டர் பழசாம்!

ரேடார்_கண்டேன்

நம்பினா நம்புங்க. நைட் ஷிஃப்ட், ஆபீஸ் கால்ல பேசிட்டு இருக்கும்போது திடீர்னு 5 கிகாஹெர்ட்ஸ் மொத்தமா காணாம போகும், ஒரு நிமிஷம் கழிச்சு வேற சேனல்ல வந்து நிக்கும். தினமும் கிடையாது. மேனேஜருக்கு நான் சும்மா கதை விடறேன்னு நெனப்பு. அட்மின் பேஜ்ல லாக்னு (நடந்தத எல்லாம் டப்பா எழுதி வெக்கற பதிவு) ஒரு மூலைல இருந்துச்சு, ஒரு நாள் கட்டான உடனே ஓடிப்போய் திறந்தேன். சேனல் 100, "ரேடார் கண்டறியப்பட்டது", சேனல் காலி செய்யப்பட்டது. வீட்டு வைஃபை லாக்ல ரேடார்! லாக்க மேனேஜருக்கு அனுப்பினேன், அவரு அத ஜோக்குன்னு நெனச்சு சிரிக்கற ஸ்மைலி போட்டாரு.

விஷயம் என்னன்னா 5 கிகாஹெர்ட்ஸ்ல 52ல இருந்து 144 வரைக்கும் இருக்கற சேனல்கள வானிலை ரேடார், ராணுவ ரேடார் எல்லாம் பகிர்ந்துக்குது. டிஎஃப்எஸ்னு விதி. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா டப்பா 10 செகண்டுல சேனல விட்டு எறங்கணும், இன்னொரு டிஎஃப்எஸ் சேனலுக்குப் போனா குறைஞ்சது 60 செகண்டு சும்மா காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும். இப்போ 36ல பூட்டி வெச்சுட்டேன். ஆனா நெஜமாவே ரேடாரா, இல்ல டப்பா ஏதோ சத்தத்த ரேடார்னு நெனச்சு பயந்துச்சான்னு இன்னிக்கும் தெரியல. அப்படியும் நடக்குமாம்.

சுவர்_துளைப்பவன்

@ரேடார்_கண்டேன் 36ல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் இருப்பாங்களே. கேபிள் இழுத்திருந்தா...

ரேடார்_கண்டேன்

ப்ரோ வேணாம்.

பல்பு_மாமி

எல்லாரும் சேனல் நம்பரா பேசறீங்க, என் கதையக் கேளுங்க. ஸ்மார்ட் பல்பு. பழைய ரவுட்டர்ல நல்லாத்தான் எரிஞ்சுது. மெஷ் வந்ததும் ஆப் "சாதனம் கிடைக்கவில்லை"ன்னே அழுதுட்டு இருக்கு. பல்புக்கு 2.4 மட்டும்தான் தெரியுமாம், போன் 5ல உக்காந்துருக்கு, மெஷ்ல ரெண்டுக்கும் ஒரே பேரு, பிரிக்கறதுக்கு ஆப்ல வழியே இல்ல. என் பையன்தான் சொன்னான், அம்மா போன எடுத்துட்டு தூரமா நடந்து போங்க, 5 ரொம்ப தூரம் எட்டாது, அது விட்டதும் போன் 2.4ஐ புடிக்கும், அப்போ சேருங்கன்னு. நான் வாசல் தாண்டி, ரோட்ட தாண்டி, எதிர் வீட்டு காம்பவுண்டு ஓரமா போன தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறேன், போறவங்க வர்றவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க, மாமனாரு ஜன்னல்ல இருந்து தெருவே கேக்கற மாதிரி "எரியுது! எரியுது!"ன்னு கத்தறாரு, எதிர் வீட்டுக்காரரு பதறிப்போய் பக்கெட்டோட வெளிய ஓடி வந்துட்டாரு. அவர எங்க பாத்தாலும் இன்னும் மூஞ்சக் காட்ட முடியல.

சுவிட்ச்_சாமி

மாமி 😂😂

என்னுது ஒரு நிமிஷக் கதை. வீட்டுக்கு வந்த சித்தப்பா பையன் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி வயரெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுத்துட்டுப் போனான். போன கொஞ்ச நேரத்துல மொத்த நெட்டும் செத்துருச்சு, எல்லா யூனிட்டும் சிவப்பு. கனெக்‌ஷன் கட்டுன்னு கம்ப்ளெயிண்ட்டும் கொடுத்தாச்சு. லைட்ட அணைச்சுட்டு படுக்கப் போறப்பதான் பாத்தேன், ஸ்டாண்டுக்குப் பின்னாடி சுவர்ல பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்குது. நெட்வொர்க் சுவிட்ச்ல (பல கேபிள ஒண்ணா சேக்கற டப்பா) எல்லா லைட்டும் ஒரே தாளத்துல வெறி புடிச்ச மாதிரி துடிக்குது. அவனுக்கு போன் போட்டா "ஒரு முனை சும்மா தொங்கிட்டு இருந்துச்சுண்ணா, காலியா இருந்த ஓட்டைல சொருகி வெச்சேன்"ங்கறான். ஒரே கேபிளோட ரெண்டு முனையும் ஒரே சுவிட்ச்ல! பிராட்காஸ்ட் பாக்கெட் (எல்லாருக்கும்னு அனுப்பற தகவல்) உள்ள போய் வெளிய வந்து சுத்திட்டே இருக்கும், ஈதர்நெட்ல அத நிறுத்த ஆளே கிடையாது, எஸ்டிபி (இப்படி சுத்தற வழிய கண்டுபுடிக்கற வசதி) இருக்கற சுவிட்ச்னா அந்த ஓட்டைய அடைச்சுரும், நம்ம சாதா சுவிட்ச்ல அது ஏது. புடுங்கினேன், எல்லாம் அடங்குச்சு.

அடுத்த மாசம் மறுபடி வர்றானாம்.

வாடகைவாசி

யாராவது ஒருத்தர் இதையும் சொல்லுங்க. ஹால்ல இருந்து பெட்ரூம்க்கு வந்தாலும் போன் ஹால் யூனிட்டயே புடிச்சு தொங்குது, பெட்ரூம் யூனிட் தலைக்கு மேலயே இருக்கு. மெஷ்னா தானா மாத்தும்னுதானே வாங்கினோம்?

தொண்ணூத்திநாலு

மெஷ் மாத்தாதுங்க, போன்தான் மாறணும். எப்போ மாறணும்னு முடிவு பண்றது போன்தான், டப்பா "பக்கத்துல நல்ல இடம் இருக்கு"ன்னு சொல்லிப் பாக்கும், கேக்கறதும் கேக்காததும் அதோட இஷ்டம். ஐபோன்னா சிக்னல் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குப் பக்கமா இருந்தா பலம் அதிகம்) கீழ எறங்கினாத்தான் வேற இடம் தேடவே ஆரம்பிக்கும், மேக் கம்ப்யூட்டருக்கு -75. உங்க ஹால் யூனிட் பெட்ரூம்ல -65 கொடுத்துட்டு இருந்தா அது ஏன் நகரும்? ஹால் யூனிட்டோட பவர கொறைக்க வழி இருந்தா கொறைங்க, இல்லேன்னா ரெண்டையும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க.

பல்பு_மாமி

ஃபாஸ்ட் ரோமிங்னு ஒண்ணு இருக்கே, அத ஆன் பண்ணா சரியாகும்னு பையன் சொல்றான், பண்ணவா?

தொண்ணூத்திநாலு

மாமி அது 802.11ஆர், மாறும்போது ஆகற நேரத்தத்தான் கொறைக்கும், எப்போ மாறணுங்கறத இல்ல. பழைய சாதனம் சிலது அத பாத்தா கனெக்டே ஆகாம அடம் புடிக்கும். உங்க பல்பு இப்போ எரியுதுல்ல? தொடாதீங்க.