இன்ஜினியர் சாரின் மழை நோட்டு

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு, ஸ்ரீரங்கம்

இன்ஜினியர் வீட்டு அக்கா (மாலை 6:10)
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. காலையிலிருந்து தெருவே எங்கள் வாசலில்தான் நின்றது. யாரிடமும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை, மன்னிக்கவும்.

மாடி வீட்டு மாமி (6:12)
இதற்குப் போய் மன்னிப்பா? அம்மா ஏதாவது சாப்பிட்டாரா? ராத்திரிக்கு நான் ரசம் சாதம் கொண்டு வருகிறேன். நீ அடுப்புப் பக்கம் போகாதே.

மளிகைக் கடை அண்ணன் (6:15)
2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, பாதிப் பேர் பெயருக்கு ஒரு குழாயைச் செருகிவிட்டு இருந்தோம். சார் ஆபீஸ் விட்டு வந்து வீடு வீடாகக் குழியை எட்டிப் பார்த்தார். என் கடைக்குப் பின்னால் தோண்டிய குழியில் ஜல்லி, கூழாங்கல், மேலே மணல் என்று அவரே நின்று போட வைத்தார். "ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர், அதைச் சாக்கடைக்கா அனுப்புவாய்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கணக்கு புரிந்தது. எங்கள் கிணறு இன்று வரை வற்றவில்லை.

லஸ்கர் வீட்டுப் பிள்ளை (6:21)
என் அப்பா பொதுப்பணித்துறையில் அவருக்குக் கீழே லஸ்கர். 1977 நவம்பர் வெள்ளத்தில் காவிரிக் கரையில் இரண்டு பேரும் விடிய விடிய மணல் மூட்டை அடுக்கினார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்த என்னையும் அம்மாவையும் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார். அம்மா சாகும் வரை இதைச் சொல்வார். ஷட்டர் ஏற்றி இறக்குகிற ஆளை "வாங்க, போங்க" என்று கூப்பிட்ட அதிகாரி அவர்.

ஆட்டோ அண்ணன் (6:26)
2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மதகு உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் விடியும் முன்பே சார் என் வாசலில் நின்றார், "வண்டியை எடுப்பா" என்றார். போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று விரல் விட்டு எண்ணினார். ஒன்பது ஷட்டர் போயிருந்தது. வீட்டுப் பெரியவர் விழுந்த மாதிரி அப்படியே நின்றுவிட்டார். திரும்பும்போதுதான் பேசினார். "ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது. 180 வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறது, அதைக் குறை சொல்லாதே" என்றார். வாடகை வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

மாடி வீட்டு மாமி (6:30)
மேட்டூர் திறந்தால் அவருக்குத்தான் தீபாவளி. ஜூன் 12 வந்தால் காலையிலேயே குழுவில் போட்டுவிடுவார்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. தண்ணீர் முக்கொம்பு வர மூன்று நாள் ஆகும் என்று எண்ணி, பிள்ளைகளை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப் போவார். காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு தண்ணீர் வருவதை நான் முதல்முதலாகப் பார்த்தது அவரால்தான். அறுபது வயதுக்கு மேல், காவிரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு!

இன்ஜினியர் வீட்டு அக்கா (6:41)
படிக்கப் படிக்க அழுகை வருகிறது மாமி. இப்போதுதான் அவர் மேஜையைத் திறந்தேன். மழை நோட்டு இருக்கிறது. ரிடையர் ஆன மறுநாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். மொட்டைமாடி மழைமானியில் காலை 8:30க்கு அளப்பாரே, அதுதான். வெயில் நாளிலும் 0.0 என்று போட்டிருக்கிறார். ஊரில் இல்லாத நாளுக்கு மட்டும் ஒரு சின்னக் கோடு. "பெய்யாத நாளுக்குச் சுழி, அளக்காத நாளுக்குக் கோடு. இரண்டும் ஒன்றில்லை" என்று எங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.
ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் நோட்டு காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கடைசி வீடு (6:44)
அக்கா, நான் அம்மா போனில் எழுதுகிறேன். அந்த நாட்களில் நான் அளந்தேன். தாத்தா ஆஸ்பத்திரி போன அன்று "மாடியைப் பார்த்துக்கொள்" என்றார். நோட்டு உள்ளே இருந்ததால் என் ரஃப் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு நாள் 0.0. அப்புறம் 3.2, 18.6, 41.0, 2.4 மி.மீ.

இன்ஜினியர் வீட்டு அக்கா (6:45)
தம்பி, சரியாக 8:30க்கா?

கடைசி வீடு (6:46)
ஆமாம் அக்கா. ஜாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் நடுவில் குழிந்திருக்கும் இடத்தைத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸ், அளக்க முடியவில்லை. அதற்குக் கோடு. மறுநாள் வந்த 41.0 இரண்டு நாள் மழை. அதை எப்படி எழுதுவது?

இன்ஜினியர் வீட்டு அக்கா (6:52)
பழைய பக்கங்களில் பார்த்துவிட்டேன். கோடு போட்டு, அடுத்த வரியில் "இரண்டு நாள் சேர்த்து" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். நீயே வந்து எழுது. பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசி வீடு (6:52)
இதோ வருகிறேன் அக்கா.