ஸ்ட்ரீக்கி பே பக்கம் வேலைக்கு வர்றவங்களுக்கு: ஃபிளிண்டர்ஸ் ஹைவேயில பொழுது சாயறதுக்குள்ள ஊர் சேருங்க

491 விசாவில (பிராந்தியப் பகுதியில வேலை பார்க்கறவங்களுக்கான தற்காலிக விசா) தெற்கு ஆஸ்திரேலியா வர்ற நம்ம ஆளுங்க பலர் தலைநகர் அடிலெய்டிலயே தங்கிடுறாங்க. ஸ்ட்ரீக்கி பே இருக்கிற ஏர் (Eyre) தீபகற்பத்துல ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு வேலை கிடைச்சு வர்றவங்களுக்காக இதை எழுதுறேன். நான் நாலு வருஷமா ஸ்ட்ரீக்கி பேயில நர்ஸா இருக்கேன். வேலையைப் பத்தி அங்க போனதும் சொல்லிக் கொடுத்துடுவாங்க. ரோட்டைப் பத்தித்தான் யாரும் முன்கூட்டி சொல்றதில்லை.

ஃபிளிண்டர்ஸ் ஹைவே போர்ட் லிங்கன்ல ஆரம்பிச்சு தீபகற்பத்தோட மேற்குக் கரையோரமா சீடூனா வரைக்கும் சுமார் 400 கிலோமீட்டர். 1802-ல இந்தக் கரையை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ் பேரைத்தான் ரோட்டுக்கு வெச்சிருக்காங்க. போர்ட் லிங்கன்ல இருந்து எலிஸ்டன் கிட்டத்தட்ட 170, அங்கிருந்து ஸ்ட்ரீக்கி பே 125, அப்புறம் சீடூனா 110. நடுவுல கோதுமை வயல், ஆடு, மாலீ (mallee)னு சொல்ற குட்டை யூகலிப்டஸ் புதர், அவ்வளவுதான். ஒவ்வொரு பெரிய ஊர்லயும் டேங்கை நிரப்பிடுங்க, பாதி இருக்கேன்னு விடாதீங்க.

நாங்க வந்த முதல் வருஷம், ஜூன் மாசம். போர்ட் லிங்கன்ல மாசச் சாமான் வாங்கிட்டுக் கிளம்பும்போது மூணரை மணி. குளிர்காலத்துல இங்க அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். எலிஸ்டன் தாண்டி இருபது நிமிஷம் இருக்கும், இடது பக்கப் புதர்ல இருந்து ஒரு கங்காரு நேரா லைட்டுக்குள்ள பாய்ஞ்சுது. வீட்டுக்காரர் பிரேக் அடிச்சார், ஆனா ஸ்டியரிங்கைத் திருப்பலை. பின் சீட்ல இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டை முன்னால வந்து விழுந்து கிழிஞ்சு, காலடியெல்லாம் அரிசி. ரேடியேட்டர் உடைஞ்சு பச்சைத் தண்ணி சுண்ணாம்புக் கல் மேல சொட்டிட்டே இருந்துச்சு. போன்ல சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு விவசாயி யூட்ல (பின்னால திறந்த தொட்டி இருக்கிற பிக்கப் வண்டி) வந்தார். டார்ச் எடுத்துட்டுப் போய் முதல்ல செத்த கங்காருவோட பையில குட்டி இருக்கான்னு கையை விட்டுப் பார்த்தார். அப்புறம்தான் எங்க கிட்ட வந்தார். போர்ட் கென்னி வரைக்கும் கூட்டிட்டுப் போனார், வழியில ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்த நேரத்துல ஏன் வெளியே கிளம்பினீங்க?

அன்னைக்கு இருந்து எங்க வீட்டுல பயணத்தைக் கிலோமீட்டர்ல கணக்குப் போடுறதில்லை, வெளிச்சத்துல போடுறோம். மாலை மங்கற நேரமும் விடியற நேரமும்தான் கங்காரு, ஈமு எல்லாம் ரோட்டுக்கு வர்ற நேரம். தவிர்க்க முடியலைன்னா மெதுவாப் போங்க. குறுக்கே வந்தா நேரா பிரேக் பிடிங்க. 110-ல திருப்பினா வண்டி உருண்டுடும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அறுவடை. 2019 மே மாசத்தோட இங்க தானிய ரயில் நின்னு போச்சு, இப்போ அத்தனையும் லாரியிலதான் துறைமுகத்துக்குப் போகுது. ரெண்டு மூணு டிரெய்லர் கோர்த்த ரோட் டிரெயினை முந்தும்போது எதிர்ல ரொம்ப தூரம் காலியா தெரிஞ்சாத்தான் ஏறுங்க. இல்லைன்னா பின்னாடியே போங்க, பத்து நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுடாது. சக்கரம் ஓரக் கப்பியில இறங்கிட்டா வெடுக்குன்னு இழுக்காம, வேகம் குறைச்சு ஏத்துங்க.

கோடையில காட்டுத்தீ எச்சரிக்கையைப் பார்க்காம கிளம்பவே கிளம்பாதீங்க. 2005 ஜனவரி 11-ம் தேதி வாங்கேரி தீயில 9 பேர் செத்தாங்க, கார்ல தப்பிக்கப் பார்த்தவங்களும் அதுல உண்டு. மோசமான தீ நாள்னு அறிவிச்சா லீவு கேளுங்க, இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

இதையும் கையோட முடிச்சிடுங்க: ஆம்புலன்ஸ் கவர், அதாவது ஆம்புலன்ஸ் செலவுக்கான காப்பீடு. அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் அட்டை இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவுல ஆம்புலன்ஸ் செலவு அதுல சேராது, ஒரு தடவை வந்தாலே ஆயிரம் டாலரைத் தாண்டும். வந்த வாரமே எடுத்துடுங்க. போன்ல எமர்ஜென்சி பிளஸ் ஆப்பும் போட்டுக்கோங்க, நீங்க நிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை அதைப் பார்த்தே அவசர உதவி எண் 000-க்குச் சொல்லிடலாம். கிராமப்புறத்துல டெல்ஸ்ட்ரா கம்பெனி போன் சிக்னல்தான் அதிக இடத்துல கிடைக்கும், காசு பார்க்காம அந்த சிம்மையே வாங்குங்க.

எதிர்ல வர்ற வண்டிக்காரர் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்க.

மீனுக்கு ஏங்க வேண்டாம். கிங் ஜார்ஜ் வைட்டிங் நம்ம கிழங்கான் குடும்பம்தான், குழம்புக்கும் வறுவலுக்கும் அதே ருசி. கணவாயும் படகுத்துறையில நின்னு தூண்டில் போட்டாலே கிடைக்கும். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட இங்க லைசென்ஸ் வேண்டாம், ஆனா எத்தனை பிடிக்கலாம், எவ்வளவு நீளம் இருக்கணும்னு கணக்கு உண்டு. அளவுக் குச்சி ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும்.