வாரண்டி முடிவதற்குள் பைக்கின் எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், அதாவது என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) கோளாறைச் சரிசெய்ய வைப்பது எப்படி?

கேள்வி:
பைக் சூடானதும் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) விழுந்து அணைந்துவிடுகிறது, எஃப்ஐ விளக்கு எரிகிறது, அப்புறம் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. டீலரிடம் விட்டால் "ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். வாரண்டி முடியப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
விளக்கு அணைந்தாலும் பிழைக் குறியீடு பெரும்பாலும் ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவாகியிருக்கும். அதை அழிப்பதற்கு முன்னால் ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாள்) வெறுமனே "பொது சர்வீஸ்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "சூடானதும் அணைகிறது, எஃப்ஐ விளக்கு எரிகிறது" என்று தேதி, கிலோமீட்டரோடு இருக்க வேண்டும். வாரண்டிக்குள் புகார் செய்ததற்கு அதுதான் ஆதாரம்.

பதில் 2:
குறியீடு இல்லை என்றாலும் விடாதீர்கள். பல பைக்குகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது, அதனால் டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் வலுவிழந்தாலும் ஈசியூவுக்குத் தெரியாமல் போகலாம். என்ஜின் சூடாக இருக்கும்போதே கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் சரியான அழுத்தம் 3 பார் (அழுத்த அலகு) வாக்கில் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஆனால் பெட்ரோல் மோசம் என்று தட்டிக்கழிக்கிறார்களே?

பதில் 1:
பழைய பாட்டு! டேங்கிலிருந்து மாதிரி எடுத்துக் காட்டி, எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் ஜாப் கார்டு நகல், விளக்கு எரியும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள்.